பாதி வாளி

மலேசியாவில், டெங்கிலில் என் ஆட்டுக் கொட்டகையில் ஒரு மஞ்சள் வாளி இருக்கிறது. உள்பக்கம் சரிபாதியில் நானே ஆணியால் கீறிய கோடு. முன்பு வேலை பார்த்த செம்மறிப் பண்ணையில் அதை என் கையில் கொடுத்தவர் மேனேஜர். கிள்ளானிலிருந்து தினமும் காரில் வருவார், சட்டை மடிப்புக் கலையாமல் திரும்பிப் போவார். முதலாளி வரும்போது ஆடுகள் உருண்டு திரண்டு நிற்க வேண்டும், அவருக்கு அது போதும். "வாளி நிறைய செம்பனைப் புண்ணாக்கு போடு" என்பார்.

நான் பாதிதான் போடுவேன். கிடாவைச் சேர்க்கும் முன் ஒவ்வொரு பெட்டையின் முதுகையும் தடவிப் பார்ப்பேன். எலும்பு துருத்தி நின்றால் தீனி போதவில்லை. எலும்பே தெரியாவிட்டால் கொழுப்பு ஏறிவிட்டது, சினை பிடிப்பது கஷ்டம். அழுத்தினால் மட்டும் தட்டுப்பட வேண்டும். மூன்று வருடம் குட்டிகள் நிறையப் பிறந்தன, பெயரை அவர் தட்டிக்கொண்டு போனார். அதற்குக்கூட நான் வருந்தவில்லை.

ஒருநாள் வாளியை எட்டிப் பார்த்துவிட்டார். காரணத்தைச் சொன்னேன். வேலையாட்கள் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"பிள்ளையே பெத்துக்காதவ நீ, சினையப் பத்தி எனக்குச் சொல்றியா? சொன்னத மட்டும் செய் லா."

பத்து வருடம் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் அலைந்தவள் நான். அது அவருக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து சொன்னதை மட்டும் செய்தேன். வாளி நிறைய, தினமும் இரண்டு வேளை. முதுகெலும்புகள் ஒவ்வொன்றாக என் கைக்குத் தட்டுப்படாமல் போயின. கிடாவைச் சேர்த்த அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்து மாதம் கழித்துக் குட்டிகளுக்கான அடைப்பு வெறிச்சென்று கிடந்தது. செராஸிலிருந்து வந்த முதலாளி காரணம் கேட்டார்.

"வாளி நிறைய போடச் சொன்னாரு, அங்கிள். போட்டேன்."

மேனேஜர் அன்றே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கார் மறையும்வரை நின்று பார்த்தேன். வயிறு குளிர்ந்தது.

அடுத்த வாரம் கசாப்புக்காரரின் லோரி வந்தது. "மலட்டு ஆட்டுக்கு எதுக்குத் தீனி?" என்றார் முதலாளி. தீனியைக் குறைத்தால் மறுபடி சினை பிடிக்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், தெரிந்தேதானே போட்டாய் என்று கேட்பார். வேலை போய்விடும் என்று பயந்து நின்றேன். என் கையிலேயே தின்று பழகிய கறுப்புக் காதுக்காரி, லோரியில் ஏறும்போதும் திரும்பி வாளியைத் தேடினாள். என் வயிற்றைக் குத்திப் பேசியவரைப் பழி வாங்கப் போய், அந்தப் பேச்சையே இவள் தலையில் கட்டி அனுப்பிவிட்டேன்.

பிறகு சொந்தமாக ஆடு வளர்க்கக் கிளம்பியபோது அந்த வாளியை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேனேஜரைப் பார்த்தேன். ஆள் தளர்ந்திருந்தார். "இப்பவும் ஆடுதானா?" என்றார்.

"ஆமா போஸ். சொந்தப் பண்ணை. எல்லாமே சினை."

பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். நான் இன்னொரு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை. இன்று காலையும் கோடு வரைக்கும் அளந்து எடுத்துப் போனேன். வாளிச் சத்தம் கேட்டு ஆடுகள் ஓடி வந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு கறுப்புக் காது தெரிகிறதா என்று என் கண் தேடியது.