இரண்டாவது அன்னா

ஷெஃபின் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தது ஒரு புதன்கிழமை மத்தியானம். 1849ஆம் ஆண்டுத் தேவாலயப் பதிவேட்டில் நான் இருக்க வேண்டியது ஞானஸ்நானப் பக்கத்தில்; இருந்ததோ அடக்கப் பக்கத்தில். எனக்கு ஏழாம் மாதம், வயிறு மேசையில் இடித்துக்கொண்டிருந்தது. அவர் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. என் விரல் ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் ஒரு தேவாலயத்தின் ஆவணக் காப்பகத்தில் அப்போது எனக்கு வேலை. பழைய பதிவேடுகளில் கையால் எழுதியிருப்பதை வாசித்துக் கணினியில் ஏற்ற வேண்டும். மூன்று வயதில் அகதிப் பிள்ளையாக இந்த நாட்டுக்கு வந்தவள் நான். இன்றைய ஜெர்மன்காரருக்கே பிடிபடாத அந்தக் கையெழுத்தை நான் சரளமாக வாசிப்பேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன். காப்பகத்தின் பொறுப்பாளரை நாங்கள் வீட்டில் ஷெஃபின் என்றுதான் சொல்வோம்; இங்கே மேலதிகாரிப் பெண்ணுக்கு அதுதான் பேச்சு. ஒரு எழுத்தின் மேல் இருந்த வளைவை விட்டுவிட்டேன் என்பதற்காக ஒரு முழுப் பக்கத்தையும் என்னைத் திரும்ப அடிக்கவைத்த மனிசி அவர். பக்கங்கள் வரிசையாகத்தான் போக வேண்டும், முன்னே தாவிப் புரட்டக்கூடாது என்பது அவருடைய சட்டம். கட்டுத் தளர்ந்த புத்தகம், புரட்டப் புரட்டக் கழன்றுவிடும்.

1849 என்று இணையத்தில் தட்டிப் பாருங்கள். எங்கள் நகரத்துத் தெருக்களிலேயே அந்த மே மாதம் கிளர்ச்சிக்காரர் மறிப்புக் கட்டிச் சண்டைக்கு நின்றார்கள். பாரிஸில் ஒரு பெரிய பியானோக் கலைஞர் செத்துப்போனார். பதிவேட்டில் இதொன்றும் இல்லை. மே மாதத்திலும் நெசவாளிக்கு மகன் பிறந்தான், சாயம் போடுகிறவரின் மகள் செத்தாள். செத்த பிள்ளைகளின் வயதை வருடம், மாதம், நாள் என்று கணக்காக எழுதியிருந்தார்கள். பக்கத்துக் கட்டத்தில் காரணம். வலிப்பு, வலிப்பு, இருமல், வலிப்பு.

முந்திய வருடம்தான் என்னுடைய முதல் பிள்ளை ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போயிருந்தாள். அந்த வயதையும் அந்தக் கட்டத்தில் எழுதலாம் என்று ஒருநாள் நினைத்தேன், அன்றைக்குத்தான் பயம் பிடித்தது. ஒரு பிறப்பைப் பதிந்ததும் கள்ளமாகப் பின்பக்கங்களைப் புரட்டி, அந்தப் பிள்ளை அடக்கப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினேன். இல்லையென்றால் மூச்சு வரும். இருந்தால் கை தன்பாட்டில் வயிற்றுக்குப் போகும், உள்ளே அசையும்வரை அடுத்த வரிக்குப் போக ஏலாது. விசர்வேலைதான். விசர்வேலை என்று தெரிந்தால் மட்டும் பயம் போய்விடுமா என்ன?

வீட்டில் அம்மா வேறு ஒரு பயத்தைக் கிளப்பிவிட்டிருந்தா. வரப்போவதும் பெண்பிள்ளை என்று தெரிந்த நாள்முதல் ஒரே பல்லவி. "அவள்தான் திரும்பி வாறாள் பிள்ளை. பேரை மாத்திப்போட்டா, இதுதான் தன்ர வீடெண்டு அவளுக்கு எப்பிடித் தெரியும்?" போன பிள்ளையின் பெயரையே இவளுக்கும் வைக்கச் சொன்னா. பெயரோடு சேர்ந்து அந்த ஒன்பது நாளும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால்? வைக்காமல் விட்டு, அம்மா சொல்வதுதான் உண்மையாகிவிட்டால்?

அந்த நேரம் பார்த்துத்தான் அன்னா வந்து சேர்ந்தாள். ரிப்பன் நெசவாளி ஒருவரின் மகள், மார்ச் மாதம் பிறந்தவள். வழக்கம்போல் பின்னால் புரட்டினால், அதே தகப்பன், அதே தாய், அதே தெரு, அன்னா என்று ஒரு இரண்டு வயதுப் பிள்ளையை ஜனவரியில் அடக்கம் செய்திருக்கிறார்கள். செத்த பிள்ளையின் பெயரை அடுத்ததற்கு வைப்பது அந்தக் காலத்தில் இங்கேயும் வழக்கம். என் அம்மா சொன்னதைத்தான் அந்தத் தாயும் செய்திருக்கிறாள். இரண்டாவது அன்னா பிழைத்தாளா? பிழைத்திருந்தால் என் பிள்ளையும் பிழைப்பாள், பெயரையும் வைக்கலாம். அப்படித்தான் என் மனம் பந்தயம் கட்டியது. அந்தப் புதன்கிழமை டிசம்பர் கடைசிவரை பார்த்து முடித்தேன். அவள் இல்லை. ஆனால் அடுத்த வருடம் இருக்கிறதே.

நிமிர்ந்தால் ஷெஃபின். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். என்ன தேடுகிறாய் என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. ஒன்பது நாள், பெயர், அம்மா, அன்னா எல்லாவற்றையும் அழுது கொட்டினேன். 1850ஆம் ஆண்டுப் புத்தகத்தை ஒரே ஒருதரம் காட்டுங்கோ என்று கெஞ்சினேன். என் முன்னால் இருந்த புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை நான் மேலங்கியைக் கழற்றும் முன்பே வந்தார். 1850 கட்டு பிரிந்து திருத்தப் போயிருக்கிறதாம். ஆனால் திருமணப் பதிவேட்டில் பார்த்துவிட்டாராம். "அன்னா இருபத்திரண்டு வயதில் கல்யாணம் முடித்தாள். மாப்பிள்ளையும் ரிப்பன் நெசவாளி. போய் வேலையைப் பார்." அவ்வளவுதான். கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். ஜூலையில் மகள் பிறந்தாள். அந்தப் பெயரையே வைத்தோம். இங்கே அதை எழுத மாட்டேன், இன்னமும் அவ்வளவு துணிவு வரவில்லை.

பிறகு நான் வேறு வேலைக்குப் போனேன். காப்பகத் திட்டமும் இடையில் நின்றுபோனது. ஷெஃபின் ஓய்வு பெற்று, இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். போன மாதம் அதே மேசைக்குத் திரும்பி வந்தேன், 1850ஐத் தந்தார்கள். எங்கேயும் திருத்தப் போன புத்தகம் மாதிரித் தெரியவில்லை. அதே தளர்ந்த கட்டு, அதே பழைய நூல். மே மாத அடக்கங்களுக்கு நடுவில் ஒரு காகிதத் துண்டு செருகியிருந்தது. ஒரு வளைவும் தவறாத அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? மற்ற ஊழியர்களுக்கு எழுதியிருந்தார், என் பெயரைப் போட்டு. பிள்ளை பிறக்கும்வரை இவரிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டாம். கீழே அந்தப் புதன்கிழமையின் தேதி.

துண்டை எடுத்தேன். அன்னா. ரிப்பன் நெசவாளியின் மகள். ஒரு வருடம், இரண்டு மாதம், ஆறு நாள். வலிப்பு.

பதினொரு வருடப் பயம் ஒரே மூச்சில் திரும்பி வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. என் பிள்ளையின் பெயரை நான் ஒரு பொய்யை நம்பி வைத்திருக்கிறேன். அந்த மனிசியில் கோபம் வர வேண்டும், வரவில்லை. ஒரு எழுத்தும் பிழைக்காமல் அன்னாவைக் கணினியில் பதிந்தேன். மணி மூன்று. மகள் பள்ளிக்கூடத்தால் வந்திருப்பாள். மேசைத் தொலைபேசியை எடுத்து வீட்டு இலக்கத்தை அழுத்தினேன். மூன்று தரம் மணி அடித்தது, நான்கு, ஐந்து. எடுத்தாள். ஆர் கூப்பிடுகிறதென்று தெரியாத இலக்கம் என்பதால், இந்த ஊர்ப் பிள்ளைகளின் பழக்கப்படி ஹலோ சொல்லாமல் தன் பெயரைச் சொன்னாள். தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். திரும்பவும் சொன்னாள். நான் பேசாமலே இருந்தேன். மூன்றாம் தரம், எரிச்சல் வந்து, உரத்த குரலில், முழுப் பெயரையும் சொன்னாள்.