கழுத்து வளைந்த பதிமூன்று

எங்கள் பட்டறையில் மாலையானால் ஸ்பேனர்களுக்கு வருகைப்பதிவு எடுப்பார்கள். சிரிக்காதீர்கள், நிஜம். சிங்கப்பூரில் கிராஞ்சிப் பக்கம் இருக்கும் டீசல் பட்டறை இது. சுவரில் பெரிய ரப்பர் பலகை. அதில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். ஒரு பள்ளம் காலியாக இருந்தாலும் யாரும் லாரி ஏறி விடுதிக்குப் போக முடியாது. மனிதன் காணாமல் போனால்கூட இப்படித் தேடுவார்களா என்று வந்த புதிதில் நினைத்தேன்.

நாமக்கல்லில் நான் வேலை பார்த்த இடத்தில் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் வேண்டுமென்றால் கையை நீட்டிக் கத்த வேண்டும். யாருடைய பின்பாக்கெட்டிலிருந்தாவது அது பறந்து வரும். அதுவும் கடையில் வாங்கின உருவத்தில் வராது. டீசல் பம்பைக் கழற்றப் போனால், பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவே, கண்ணுக்கே தெரியாத இடத்தில் ஒரு நட்டு உட்கார்ந்திருக்கும். நேரான ஸ்பேனர் அங்கே நுழையாது. அதனால் ஸ்பேனரைப் பழுக்கக் காய்ச்சி, தட்டி, கழுத்தைத் திருப்பிவிடுவோம். வளைக்காத ஸ்பேனர் வைத்திருப்பவனை எங்கள் ஊரில் மெக்கானிக் என்று சொல்ல மாட்டார்கள், புதுமாப்பிள்ளை என்பார்கள்.

இங்கே வேலை நிலைக்குமா என்று பயந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு சனிக்கிழமை, நர்சரிக்காரர் ஒருவரின் பழைய லாரி வந்தது. பம்பை மாற்ற வேண்டும். நகைக்கடையில் நிற்பவன் போலப் பலகை முன் நின்று பொறுக்கினேன். குழாய் நட்டுகளுக்குப் பதினேழு, பம்பைப் பிடித்திருக்கும் நட்டுகளுக்குப் பதிமூன்று ரிங் ஸ்பேனர். எல்லாம் கழன்றன, பின்னால் இருந்த அந்த மூதேவி நட்டை மட்டும் ஸ்பேனர் எட்டவில்லை. நான் யோசிக்கவே இல்லை. கேஸைப் பற்றவைத்தேன், பதிமூன்றைக் காய்ச்சினேன், வளைத்தேன். நட்டு சொன்ன பேச்சைக் கேட்டது.

மாலையில் கருவிகளைச் சரிபார்க்கும் ரஃபி பாய், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுபவர், அதைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். எப்படித் திருப்பினாலும் தலை வெளியே எட்டிப் பார்த்தது.

"என்னடா இது, ஸ்பேனரா இறாலா?"

"ஊர்ல இப்படித்தான் பாய் செய்வோம்..."

"ஊர்ல செய்யலாம் லா. இது பாஸ் ஜெர்மனியிலேருந்து வாங்குன செட். மண்டே பாத்தார்னா உன்னை ஃப்ளைட் ஏத்திடுவார்."

ஞாயிற்றுக்கிழமை, தமிழர்கள் கூடும் தேக்காவில் சிநேகிதர்கள் பிரியாணிக்குக் கூப்பிட, நான் அதே பதிமூன்றைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

"ஒன்னே ஒன்னு எதுக்குத் தம்பி? செட்டா வாங்கிக்குங்க."

"ஒன்னைத்தாண்ணே வளைச்சேன்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

திங்கள் காலை புதியதைப் பள்ளத்தில் வைத்தேன். கச்சிதம். வளைந்ததைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு திரும்பினால் எதிரே பாஸ். சீனர், அதிகம் பேசாதவர். பதற்றத்தில் குனிந்து வணக்கம் வைத்தேன் பாருங்கள், 'ணங்' என்று அது அவர் காலடியிலேயே விழுந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யூ டூ திஸ்?"

"சாரி பாஸ். வெரி சாரி. நோ செண்ட் ஹோம், பாஸ்."

"செவன்டீன் ஆல்சோ கேன்?"

நக்கலடிக்கிறார் என்று நினைத்து இன்னொரு சாரி சொன்னேன். பாய் என் விலாவில் இடித்தார். "பதினேழையும் வளைச்சுத் தருவியான்னு கேக்குறார் லா, மடையா!"

அந்த ஒரு நட்டுக்காக பாஸ் இத்தனை காலமும் பாதி என்ஜினைப் பிரித்துக்கொண்டிருந்தாராம். அன்றே கத்தி எடுத்து, பலகையில் இறால் உருவத்தில் ஒரு பள்ளம் வெட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை நிலைத்தது.

போன விடுப்பில் நாமக்கல் போனபோது கை சும்மா இருக்கவில்லை. பழைய பட்டறைச் சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சாக்பீஸால் கோடு வரைந்து, ஆணியடித்து மாட்டிவைத்தேன். பட்டறைக்காரர் ஆறுமுகம் அண்ணன் குடித்த டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"ஏங்கண்ணு, கொலை நடந்த எடமாட்டம் கோடு போட்டு வெச்சிருக்கற? சிங்கப்பூர் போயி கெட்டுப்போயிட்டயே!"

மறுநாளே எல்லா ஸ்பேனரும் அவரவர் பின்பாக்கெட்டுக்குத் திரும்பிவிட்டன.

நேற்று மாலை பட்டறையிலிருந்து அண்ணனிடம் போனில் பேசும்போது, அந்தக் கோடுகளை அழித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"எதுக்குக் கண்ணு அழிக்கோணும்? அந்தப் பதிமூணுக்குக் கீழ எவனோ உன் பேரை எழுதி, 'காணவில்லை'ன்னு போட்டிருக்கறான்."

நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. பின்னால் ரஃபி பாய் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தார். வளைந்த பதிமூன்றைக் கொண்டுபோய் அதன் பள்ளத்தில் வைத்தேன்.