மார்ச் கடைசி வாரத்து லாபம்

லண்டனில் நான் இருந்தது பத்தே வாரம். அதைப் பற்றி யாராவது கேட்டால் மழையைப் பற்றியும் அந்த ஊர் உப்புச்சப்பில்லாத சாப்பாட்டைப் பற்றியும் பேசிச் சமாளித்துவிடுவேன். வேலை கொடுத்தார்களாமே, ஏன் திரும்பப் போகவில்லை என்று கேட்டால் மட்டும், வீட்டில் விடவில்லை என்பேன். அது பச்சைப் பொய். வீட்டில் விடுவதற்குத் தயாராக மூட்டை கட்டியே வைத்திருந்தார்கள்.

அப்பாவுக்கு தேஹு ரோடு ராணுவ டிப்போவில் ஸ்டோர் வேலை. வேலூர்ப் பக்கத்திலிருந்து இருபத்தைந்து வயதில் இந்த மராத்தி ஊருக்கு வந்தவர். அவருக்கு ஒரே பெண்ணான நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இரண்டு அறையும் ஒரு வராந்தாவும் உள்ள சர்க்கார் குவார்ட்டர்ஸில். 2007 ஏப்ரலில் அவருக்கு ரிடையர்மென்ட். அதற்குப் பிறகு சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பத்தைந்து வருஷம் இந்த ஊரில் இருந்தும் எங்களுக்கென்று சொந்தமாக ஒரு சுவர் கிடையாது. அம்மா பக்கத்தில் நிக்டியில் ஒரு ஃப்ளாட் பார்த்து வைத்திருந்தாள். என் வேலையை நம்பித்தான் அந்த ஃப்ளாட். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

2006 கோடையில், இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் முடிந்த கையோடு, அந்த இன்டர்ன்ஷிப் கிடைத்தது. கம்ப்யூட்டரை வைத்துப் பங்குகளை வாங்கி விற்கிற ஒரு கம்பெனி. அங்கே யாரும் டெலிபோனில் கத்துவதில்லை. பழைய விலைகளை வருஷக்கணக்கில் தோண்டி, அதில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒழுங்கு கிடைத்தால் அதை ப்ரோக்ராமாக எழுதிவிடுவார்கள். வாங்குவதும் விற்பதும் மெஷினின் பாடு. அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், இது சூதாட்டம் இல்லையே என்று. இல்லப்பா, கணக்கு என்றேன். கணக்கு என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் எதிர்ப்பேச்சு கிடையாது.

மொத்தம் எட்டு இன்டர்ன்கள். கடைசி வாரத் திங்கட்கிழமை ஒவ்வொருவரும் தன் வேலையை எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேருக்கோ மூன்று பேருக்கோ நிரந்தர வேலை கொடுப்பார்கள். எனக்குப் பொறுப்பாளர் ஒரு நாற்பது வயது அம்மாள். அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் அந்த ஆபீசில் எல்லோருக்கும் உள்ள ஒரு பழக்கம் அவருக்கும் இருந்தது. எதைச் சொன்னாலும், "எத்தனை சதவீதம் உறுதி?" என்று கேட்பார். இன்று மழை வரும் என்றால்கூடக் கேட்பார். நான் எல்லாவற்றுக்கும் நூறு என்பேன். பரீட்சையில் எண்பது சதவீதம் உறுதியான விடை என்று எழுத முடியுமா என்ன? முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் சிரிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எனக்குக் கொடுத்த வேலை இது. நியூயார்க் சந்தையில் ஒரு பங்கு ஏறினால், லண்டனில் அதே தொழிலைச் சேர்ந்த பங்கு சற்று நேரம் கழித்து ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி ஏறினால், அந்தச் சற்று நேரத்துக்குள் வாங்கி விற்று லாபம் பார்க்கலாம். இரண்டு ஊரின் பழைய விலைகளையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவர, நியூயார்க் நேரத்தோடு ஐந்து மணி கூட்டினேன். கூட்டிவிட்டு அதை மறந்தும்விட்டேன்.

ஏழாவது வாரத்தில் விடை வந்தது. வருஷம் முழுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை லாபம் கொட்டுகிறது. ஒரு வருஷம் அல்ல, என்னிடம் இருந்த எல்லா வருஷமும். ஏன் என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மார்ச் எண்டிங்! வருஷா வருஷம் அந்த வாரம் அப்பா வீட்டுக்கு வருகிற நேரம் எங்களுக்குத் தெரியாது. டிப்போவில் சரக்கெல்லாம் எண்ணிச் சரிபார்த்து, பேரேட்டை மூடுவார்கள். பேங்க்கில் போய் நின்றால் மார்ச் எண்டிங், அப்புறம் வாருங்கள் என்பார்கள். உலகமே அந்த வாரம் கணக்கை முடிக்கிறது, அதனால் பங்குகள் தாறுமாறாக ஆடுகின்றன என்று எனக்குப் பட்டது. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் டிசம்பரிலேயே கணக்கை முடித்துக்கொண்டிருக்க, நான் அதை தேஹு ரோடு டிப்போவோடு சேர்த்து வைத்திருந்தேன். பொறுப்பாளர் அம்மாள் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். சுவாரசியமாக இருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது சாதாரண விஷயமில்லை. மேல்மாடியில் பெரிய அதிகாரிகள் இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்தார்.

கடைசிச் சனிக்கிழமை, என் அறையில் கூடத் தங்கியிருந்த போலந்துப் பெண்ணோடு துணி துவைக்கப் போனேன். மெஷின் ஓடுகிற நேரத்தில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். அக்டோபர் வந்தால் தனக்குக் கொண்டாட்டம், கடிகாரத்தைப் பின்னால் தள்ளுகிற அன்று ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம் என்றாள். எந்தக் கடிகாரத்தை என்றேன். எல்லாக் கடிகாரத்தையும்தான் என்றாள். என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். சர்க்கார் சொன்னால் மணி மாறிவிடுமா? அவள்தான் பொறுமையாக விளக்கினாள். மார்ச் கடைசி ஞாயிறு இங்கே மணியை ஒன்று முன்னால் தள்ளுவார்களாம். நான் வந்து இறங்கியது ஜூனில். தள்ளியும் ஆகிவிட்டது. திரும்பத் தள்ளுவதற்குள் ஊருக்குப் போய்விடுவேன். எனக்கு எங்கே தெரியப்போகிறது?

அமெரிக்காவிலும் இப்படி உண்டா என்று கேட்டேன். உண்டு, ஆனால் அவர்கள் ஒரு வாரம் கழித்துத்தான் மாற்றுவார்கள் என்றாள். ஈரத்துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினேன்.

அந்த ஒரு வாரம் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் ஐந்து மணி அல்ல, ஆறு. நான் ஐந்தே கூட்டியிருந்தேன். அதாவது என் ப்ரோக்ராம் நியூயார்க்கில் ஒரு மணி நேரம் கழித்து நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு லண்டனில் வாங்கியிருக்கிறது. அப்படி வாங்கினால் யாருக்குத்தான் லாபம் வராது? சரியான நேரத்தைப் போட்டுத் திரும்ப ஓட்டினேன். மார்ச் கடைசி வாரமும் மற்ற வாரங்களைப் போலவே ஆகிவிட்டது. ஒரு பைசா இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். சனிக்கிழமையானதால் பார்க்க யாரும் இல்லை.

மறுநாள் ஞாயிறு, வீட்டுக்கு போன் செய்கிற நாள். எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிடுவது என்றுதான் எடுத்தேன். அவள் எடுத்த எடுப்பில் நிக்டி ஃப்ளாட்டுக்கு அப்பாவையும் ஆறு சீட்டு ஆட்டோவில் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்த கதையை ஆரம்பித்துவிட்டாள். அப்பா தண்ணீர்க் குழாயை எல்லாம் திறந்து பார்த்தாராம். மார்க்கெட் பக்கம், காய்கறி பாஜி வாங்க நடந்தே போகலாமாம். "நீ நல்லா பேசிட்டு வா, அது போதும்" என்றாள். சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை தப்பான வரைபடத்தையே காட்டினேன்.

மேல்மாடிக்காரர் ஒருவர் கேட்டார், ஏன் அந்த ஒரு வாரம் மட்டும் என்று. பல கம்பெனிகளும் சர்க்கார்களும் கணக்கு முடிக்கிற காலம், அதனால் இருக்கலாம் என்றேன். எத்தனை சதவீதம் உறுதி என்றார். பத்து வாரத்தில் முதல் தடவையாக, "அறுபது" என்றேன். அறை முழுக்கத் தலையாட்டியது. பொறுப்பாளர் அம்மாளின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இந்தப் பெண் ஒருவழியாகக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்திருப்பார். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வேலைக் கடிதம் கையில் வந்தது. அடுத்த வருஷம் ஜூலையில் சேர வேண்டும். ஊரில் அப்பா அதை லேமினேட் செய்தார். டிப்போவில் பேடா கொடுத்தார். பக்கத்து குவார்ட்டர்ஸ் மராத்தி மாமி எனக்கு ஆரத்தி எடுத்துப் பொட்டு வைத்தாள். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். நன்றாகத்தான் சிரித்தேன்.

தீபாவளி முடிந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நேர்மை பொங்கி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பயம். மார்ச் வரும், நிஜப் பணத்தைப் போடுவார்கள், எல்லாம் போகும், யார் எழுதிய ப்ரோக்ராம் என்று தேடுவார்கள். அப்போது நான் இன்னும் அங்கே போய்ச் சேர்ந்துகூட இருக்க மாட்டேன். ஆகுர்டியில் ஒரு சைபர் கஃபேயில் உட்கார்ந்து பொறுப்பாளர் அம்மாளுக்கு மெயில் எழுதினேன். கணக்கில் ஒரு தவறு இருப்பதை இப்போதுதான் கவனித்தேன் என்று முதலில் எழுதினேன். நல்ல வாக்கியம், ஒரு பிசிறு கிடையாது. அப்புறம் அதை அழித்துவிட்டு, பேசுவதற்கு இரண்டு நாள் முன்னால் சனிக்கிழமையே எனக்குத் தெரியும் என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன்? முழுசாகச் சொல்லிவிட்டால் மெச்சிக்கொள்வார்கள், எப்பேர்ப்பட்ட பெண் என்று வேலையை உறுதிசெய்வார்கள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். கடிகாரத் தவறை நான் ஊருக்குக் கிளம்பிய வாரமே கண்டுபிடித்துவிட்டார்களாம். கடிகாரம் மாற்றாத நாடுகளிலிருந்து வரும் யாராவது ஒருவர் அநேகமாக வருஷா வருஷம் செய்கிற தவறுதானாம் அது. சிரித்துவிட்டுத் திருத்தி வைத்துவிட்டார்களாம். அதற்காக என் வேலையைப் பற்றி அவர்கள் மறுயோசனை எதுவும் செய்யவில்லையாம். ஆனால் தெரிந்தே பேசினேன் என்பது அவர்களுக்குத் தெரியாதாம். தெரிவித்ததற்கு நன்றி சொல்லியிருந்தார். கீழே இரண்டு வரியில் வேலைக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதாவது நான் ஒன்றுமே எழுதாமல் இருந்திருந்தால் வேலை இருந்திருக்கும். இப்போதுதான் கவனித்தேன் என்று எழுதியிருந்தாலும் இருந்திருக்கும். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரத்தை மாற்றுவார்கள் என்பதைப் புரியவைக்கவே வெகுநேரம் ஆயிற்று. புரிந்ததும் அப்பா ஒன்றுதான் கேட்டார், "சனிக்கிழமையே தெரியுமா உனக்கு?" தெரியும் என்றேன். அவர் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எங்கள் இருவருக்கும் அது கைவந்த கலை. சோற்றுப் பானையை மூடி வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"நெசத்த சொல்றவளா இருந்தா அங்கயே சொல்லியிருக்கணும். பொய் சொல்றவளா இருந்தா கடைசி வரிக்கும் அதயே சொல்லியிருக்கணும். நீ எதுலயும் முழுசா நிக்கலயேடி."

அடுத்த வருஷம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஆகுர்டியில் வாடகைக்குப் போனோம். எனக்கு இங்கேயே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. பின்னால் வீடும் வாங்கினோம், நிக்டியில் இல்லை, வேறெங்கோ. அம்மா அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுத்ததே இல்லை. நான்தான் பஸ்ஸிலும் குளியலறையிலும் அவளுக்குப் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்றும் இன்னும் சரியாக அமையவில்லை.