பரீனா பிடித்த கம்பி

முனீப் காக்கா உப்புவெளியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது ஓர் ஊமைப் பெட்டி. அங்கே விடுதி நடத்துகிறவர் புதிதாக ஒரு செட் வாங்கியதும் பழைய ரேடியோ ட்யூனரை இவருக்குக் கொடுத்துவிட்டார். கரண்ட் கொடுத்தால் பச்சை வெளிச்சம் வரும், முள் ஓடும், சத்தம் மட்டும் வராது. ட்யூனர் அலையைப் பிடிக்க மட்டுந்தான், கேட்க அம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் வேண்டும் என்று நான் சொன்னபோது, பெட்டியைக் கெடுத்ததே நான்தான் என்பதுபோல் பார்த்தார். நான் பக்கத்து வீட்டுக்காரன், அவரை அண்ணன் முறையில் காக்கா என்றும் அவர் மனைவி பரீனாவை அக்கா முறையில் ராத்தா என்றும் கூப்பிடுகிறவன். கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன், கல்யாணம் இல்லாத நாளில் ஓட்டோவும் ஓடுவேன். கடைசியில் என்னுடைய பழைய அம்ப்ளிபயரும் இரண்டு ஸ்பீக்கரும் அவருடைய முன்னறைக்குப் போய்ச் சேர்ந்தன. திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கு அன்றைக்கே இல்லை.

காக்கா துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டும் கயிறு பிடித்து ஓய்வு பெற்றவர். பிறந்தது குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானில். அப்போது பேர் சிவகுருநாதன். பரீனாவைக் கட்டுவதற்காகக் கலிமா சொல்லி முஸ்லிமாகிப் பேரை மாற்றிய நாளிலிருந்து அவருடைய ஒரே அண்ணன் பாக்கியரத்தினம் அவரோடு கதைக்கவில்லை. தகப்பன் இறந்தபோதும் தாய் இறந்தபோதும் ரேடியோவில் மரண அறிவித்தல் போனது. இரண்டையும் எழுதிக் கொடுத்தது அண்ணன். இரண்டிலும் பிள்ளை ஒன்றுதான், அண்ணன் மட்டும்.

இப்போது அண்ணன் படுக்கையில் என்று மூதூரிலிருந்து வரும் மீன் வியாபாரி சொன்னார். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த ட்யூனர் பைத்தியம். அண்ணனுடைய அறிவித்தலை அவருடைய பிள்ளைகள்தான் எழுதுவார்கள். அதிலாவது தன் பேர் வருமா என்று காக்காவுக்குத் தெரிய வேண்டும்.

"ரேடியோவ போன்லயே கேக்கலாமே" என்றேன்.

"அது இழுத்து இழுத்துக் கதைக்கும். என்ட பேர் வந்தா வடிவாக் கேக்கோணும்" என்றார்.

ஏரியல் கம்பியைக் கட்டும் வேலையை என்னிடம் விடவில்லை. கயிறு பிடித்த மனிதர் அல்லவா, முடிச்சு அவருக்கே உரியது. வாழ்நாள் முழுவதும் வரவேண்டியது எல்லாம் கடல் பக்கமிருந்தே வந்து பழகியதால் கம்பியையும் கடலைப் பார்த்துக் கட்டினார். தமிழ்நாட்டு நிலையம் ஒன்று கணீரென்று பிடித்தது. அங்கே தக்காளி என்ன விலை என்று எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடும் தெரிந்துகொண்டது. நம்முடைய நிலையத்தின் அலை மலைநாட்டுப் பக்கமிருந்து வருகிறது என்று அவரை நம்பவைக்க எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. திருப்பிக் கட்டிய பிறகும் இரைச்சல்தான், வீட்டுக்குப் பின்னால் மலை மறிக்கிறது.

ஒருநாள் பரீனா ராத்தா உடுப்புக் காயப்போட இடைஞ்சலாக இருக்கிறதென்று அந்தக் கம்பியைக் கையால் ஒதுக்கினார். அறிவிப்பாளரின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வந்தது. கையை எடுத்தார், இரைச்சல். யன்னல் கம்பி, முருங்கை மரம், மூங்கில் என்று எதிலெல்லாமோ கட்டிப் பார்த்தார் காக்கா. அந்தக் கைக்கு ஈடாக ஒன்றும் அமையவில்லை. அதிலிருந்து காலையில் மரண அறிவித்தல் நேரம் வந்தால் ராத்தா குசினியில் அடுப்பை விட்டு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"நான் என்ன கொடிக்கம்பமா?" என்று கேட்பார். ஆனாலும் நிற்பார்.

நான் ஒரு கல்யாண வீட்டுக்காக அம்ப்ளிபயரைத் திருப்பிக் கேட்கப் போன காலையில் அது வந்தது. கட்டைபறிச்சானைச் சேர்ந்த பாக்கியரத்தினம் காலமானார். அன்னார் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், கீர்த்தனியின் தந்தை. பிறகு, காலஞ்சென்ற சிவகுருநாதனின் அன்புச் சகோதரர்.

ராத்தாவின் கை கம்பியை விட்டுவிட்டது. அறை முழுவதும் இரைச்சல்.

"பரீனா, புடி" என்றார் காக்கா. "எத்தன மணிக்கு எடுக்கிறாங்க எண்டு கேக்கோணும்."

ராத்தா திரும்பப் பிடித்தார். நேரம் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் காக்கா அழுதார். அண்ணன் போனதற்காக அழுதார். எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. உயிரோடு கதிரையில் உட்கார்ந்திருக்கிற மனிதனை ஊரறியச் சாகடித்துவிட்டார்களே என்று சத்தம் போட்டேன்.

"பேர் வந்ததுதானே" என்றார் அவர்.

கல்யாண வீட்டுக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டு நான்தான் இருவரையும் ஓட்டோவில் கொண்டுபோனேன். கிண்ணியா, மூதூர் எல்லாம் தாண்டிக் கட்டைபறிச்சானுக்கு வந்து சேர்ந்தோம். செத்த வீட்டுப் பந்தலின் வாசலில் நின்ற பெண் வந்து, "நீங்கள் ஆர்?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

வழி முழுவதும் அதற்குத்தான் பதில் தேடிக்கொண்டு வந்திருப்பார். இப்போது காக்காவின் வாய் குளறியது. "நான் முனீப்... துறைமுகத்தில..." என்று இழுத்தார்.

பரீனா ராத்தா அந்தப் பழைய பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. தன்னால் போன பேர் என்ற உறுத்தல் அவருக்கு எப்போதும் இருந்தது. அவர்தான் முன்னால் வந்தார்.

"இவருதான் சிவகுருநாதன்" என்றார். "மௌத்தாகல்ல. உசிரோடதான் இரிக்காரு."

அந்தப் பெண் காக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள்தான் கீர்த்தனி. "நீங்கள் செத்துப்போனீங்கள் எண்டுதான் அப்பா சொன்னவர்" என்றாள் மெல்ல. "உங்கட பேரை விடக்கூடாதெண்டு நான்தான் எழுதிக் குடுத்தனான்."

"வடிவாத்தான் வாசிச்சாங்க, பிள்ளை" என்றார் காக்கா.

அவள் அழத் தொடங்கினாள். காக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ராத்தா வாசலிலேயே, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டபடி, என் ஓட்டோ பக்கம் திரும்பினார். கீர்த்தனி எட்டி அவருடைய கையைப் பிடித்தாள்.

"நீங்களும் வாங்கோ, சின்னம்மா" என்றாள்.

உள்ளே இரண்டு கதிரை போட்டார்கள்.