முறை வராமல் வாள் எடுக்கக் கூடாது

பஸ்ஸுக்குக்கூட வரிசையில் நிற்காத ஜனங்களுக்கு, முறை வைத்துச் சண்டை போடும் விளையாட்டைக் கற்றுக்கொடுக்கப் போனேன் பாருங்கள், என்னைத்தான் சொல்ல வேண்டும்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஞாயிறு மதியம் நாலு பேர் உட்காருவோம். பழங்காலத்துக் கோட்டை, கொள்ளைக்காரர்கள் என்று கதை ஓடும். கதையைச் சொல்வதும் எதிரிகளுக்காகப் பகடை உருட்டுவதும் நான். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரம், அதற்கு ஆளுக்கொரு குட்டிப் பொம்மை. என் தம்பி வாள்வீரன், அவனுடைய தோஸ்து குதிரைவீரன், எதிர்வீட்டு அக்கா காயத்துக்கு மருந்து போடும் துறவி.

சண்டை வந்தால் முதலில் எல்லோரும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். அதிக எண் விழுந்தவர் முதலில் அடிப்பார், குறைந்தவர் கடைசியில். தன் முறை வரும்வரை சும்மா இருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. கொள்ளைக்காரன் கத்தியைத் தொடுவதற்குள் மூன்று பேரும் ஒன்றாகக் கத்துவார்கள். விதிப் புத்தகப்படி ஒரு சுற்று என்பது ஆறு நொடி. எங்கள் வீட்டில் அந்த ஆறு நொடி முடிவதற்குள் டீ போட்டுக் குடித்து டம்ளரும் கழுவிவிடலாம்.

எதிர்வீட்டு அக்காவின் தொல்லை தனி. அவர் யாரையும் அடிக்கவே மாட்டார். "நா போயி வெலக்கி வுடறேம்மா" என்பார், ஒவ்வொரு தடவையும். எங்கள் தெருவில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் நாலு பேர் நடுவில் புகுந்து இழுத்துவிடுவார்கள். விலக்கிவிட ஆள் இருக்கிற தைரியத்தில்தான் பாதிப் பேர் எகிறுவதே. அப்படி விலக்கிவிட எந்தப் பகடையை உருட்டுவது என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. தலைகீழாகத் தேடிவிட்டேன்.

இந்தக் கூத்தையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்போதுதான் தம்பியும் தோஸ்தும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தினார்கள். திருவொற்றியூரில் ஒரு டிரெய்லர் லாரி இவர்களுடைய பைக்கை உரசுகிற மாதிரி வந்து நின்றிருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி குதித்து ஓடிக் கிளீனரிடம் எகிறியிருக்கிறான். கிளீனர் விட்டது ஒரே குத்து. தம்பிக்கு முன்பல் பாதி போயிற்று. தோஸ்து போய்ச் சேர்வதற்குள் லாரி கிளம்பிவிட்டது. "பாத்துகினு நின்னான்க்கா" என்றான் தம்பி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள், அதோடு சரி.

விளையாட வருவதை மட்டும் இருவரும் விடவில்லை. ஆசையாய் வளர்த்த வீரனை விட்டுவிட மனமில்லை. வந்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, என் வழியாகப் பேசுவார்கள்.

"அவன் குதிரைய நவுத்தச் சொல்லுக்கா."

"முடியாதுன்னு சொல்லுக்கா."

நான் என்ன இவர்களுக்குத் தபால்காரியா? எரிச்சலோடு பயமும் இருந்தது. கதை முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. முடிந்துபோனால் இந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைக்க எனக்கு வேறு சாக்கு கிடையாது.

கடைசிச் சண்டையும் வந்தது. பகடை உருட்டினோம். தம்பி முதல், கொள்ளைக்காரர்களின் தலைவன் அடுத்து, அதற்குப் பிறகு எதிர்வீட்டு அக்கா. தோஸ்துக்கு விழுந்தது இரண்டு, அவன் கடைசி. தம்பி வழக்கம்போல யோசிக்காமல் பாய்ந்தான். வாள் படவில்லை. தலைவனுக்காக நான் உருட்டினேன். கோடரி சரியாக இறங்கியது. ஏற்கெனவே அடிபட்டிருந்த தம்பியின் வீரன் அதைத் தாங்க மாட்டான். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

தோஸ்து தன் பொம்மையைத் தூக்கி இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தான். "நா பூந்துட்டேன்க்கா. அடி எனக்கு."

"உன் முறை இன்னும் வரல."

"தெரியும்."

"அப்ப எடு அதை."

"இன்னாம்மா இது, நடுவுல பூந்து வெலக்கறதுக்குக்கூட டோக்கன் வாங்கணுமா?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

எனக்கு வந்ததே ஆத்திரம்! இத்தனை நாள் கத்தியதெல்லாம் வீண். புத்தகத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டேன். "சரி, வாங்கிக்கோ. ஆனா இந்த அடிய உன் ஆளும் தாங்க மாட்டான். செத்தா செத்ததுதான், திரும்ப வர மாட்டான். பரவாயில்லியா?"

அவன் பொம்மையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவன எடுக்கச் சொல்லு..." என்று என்னிடம் ஆரம்பித்த தம்பி, பாதியில் நிறுத்தி நேராக அவன் பக்கம் திரும்பினான். "அறிவு கீதாடா உனுக்கு? யார்டா உன்ன வரச் சொன்னது?"

"வரலன்னாலும் பேஜாரு, வந்தாலும் பேஜாரா? வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுட்டு திரும்பறேன், அதுக்குள்ள உன் வாயில ரத்தம்டா. வண்டிய கீழ போட்டுட்டு ஓடியாந்துருக்கணும். அதையே நெனச்சிகினு கீறேன், தூக்கம் வர மாட்டேங்குது."

தம்பி நாக்கால் உடைந்த பல்லைத் தடவிப் பார்த்தான். பிறகு, "வண்டிய கீழ போட்டிருந்தா உங்கப்பன் உன் பல்ல ஒடச்சிருப்பான்" என்றான்.

குதிரைவீரனை விதிப்படி நான் கொன்றேன். அதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. இரண்டு பேரும் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். யாருடைய முறை என்று நான் கேட்கவில்லை.