பளிச்சென்ற வானத்தை நம்பாத சாந்தி

மா சாந்தி போய்விட்டார் என்று அவருடைய தம்பி கைபேசியில் சொன்னபோது, யாங்கோன் நகரத்துக் கியாக்டடாவில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். பல மாதப் புற்றுநோய், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் அழுகையோடு ஒரு பயமும் வந்தது. என் மகள் மீனா அப்போது பர்மாவின் வடகோடியில், புட்டாவோவுக்கு அப்பால், ஒரு நடைப்பயணக் குழுவோடு பனிமலையில் இருந்தாள். விடாமல் கொட்டிய பனி அன்று காலைதான் நின்றிருந்தது. சாந்தி அத்தை என்றால் அவளுக்கு உயிர். செய்தி கேட்டதும் புதுப்பனி மூடிய சரிவைக் கடந்து ஓடி வந்துவிடுவாளோ?

சாந்தியும் நானும் பல குளிர்காலங்கள் சேர்ந்து மலையேற்ற வழிகாட்டிகளாக இருந்தோம். பர்மிய மரியாதைப்படி எனக்கு அவர் 'மா', அவருக்கு நான் 'கோ'. க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் பிறந்த தமிழ்ப் பெண்ணுக்குப் பனியோடு என்ன உறவு என்று கேலி செய்யாதவர்கள் நம்மில் யார்? ஊரில் அவர் எதற்கும் அஞ்சியதில்லை. கொட்டுகிற மழையில் குடையில்லாமல் மொஹிங்கா நூடுல்ஸ் கடைக்கு நடப்பார். மலையில்தான் வேறு ஆள்.

நம் யாங்கோன்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மழை விட்டதும் தெருவில் இறங்கிவிடுவோம். மலையிலும் ஒருமுறை அதையே செய்யப் பார்த்தேன். முந்தின நாள் முழுக்கப் பனி. காலையில் கண் கூசும் வெயில். பையைத் தூக்கினேன். சாந்தி குறுக்கே வந்து நின்றார்.

"மயபூ, கோ ரவி. முடியாது."

"அதான் விட்டுடுச்சே!"

"மழைன்னா தண்ணி ஓடிப்போயிடும். இது அத்தனையும் மேலயே உக்காந்திருக்கு. வெயில் பட்டா இன்னும் மோசம்."

முகாம் ஓரத்தில் பனியைப் பள்ளமாக வெட்டி, மேல் அடுக்கை உள்ளங்கையால் தள்ளிக் காட்டினார். அது பலகை போல வழுக்கி விழுந்தது. அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. கூடாரத்திலேயே கிடந்தோம். கடைசியில் பனிச்சரிவு வரவேயில்லை. "எங்கே உங்க பனிச்சரிவு?" என்று சீண்டினேன்.

"வரலைன்னா சந்தோஷப்படுங்க. நான் சொன்னது பலிக்கணும்னா நீங்க அதுக்கு அடியில கிடக்கணும்" என்றார். கோபத்தில் அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவரோ எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டார்.

செய்தி வந்த அன்று சாயங்காலம் மீனாவின் சாட்டிலைட் போன் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் அழுதாள். வராதே என்று சொல்ல வாயெடுத்தேன். என் தோழியின் சாவுக்கு வராதே என்று எப்படிச் சொல்வது?

அவளே சொன்னாள். "இங்க வானம் பளிச்சுன்னு இருக்குப்பா. அதனாலதான் கிளம்பலை. அத்தைக்கு என் பூவையும் நீங்களே போட்டுடுங்க."

மறுநாள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பூப்போட்டேன்.

மீனா பத்திரமாக வீடு வந்துவிட்டாள். அந்தச் சரிவில் பனி கடைசியில் சரிந்ததா என்று நான் அவளைக் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருக்கத் தெரிந்ததுதான் சாந்தி எனக்கு விட்டுப்போனது. பசிக்கிறது என்று மகள் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு அது போதும்.