சிவகாசியில் மூன்றாவது ஜனாதிபதி

2006 செப்டம்பர், ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன். சிவகாசிக்கு டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். திருமங்கலம் தாண்டியதும் கரிசல் காடு இரு பக்கமும் விரிந்தது. விருதுநகரில் பஸ் கால் மணி நேரம் நின்றது. இறங்கி ஒரு டீ குடித்தேன். திருத்தங்கல் பக்கம் வந்தபோது அட்டைப்பெட்டி ஏற்றிய லாரிகள் வழியை அடைத்துக்கொண்டன. தீபாவளிக்கு முந்தைய சீசன்.

பக்கத்தில் இருந்தவர் சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்துக்காரர். "வெடி வாங்கவா சார்?" என்றார்.

"இல்லைங்க. புத்தகம் வாங்க."

"இந்த சீசன்லயா? அம்புட்டு பிரஸ்ஸும் வெடி லேபிளத்தான அடிச்சுக்கிட்டு இருக்கும்!" என்று சிரித்தார்.

நான் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறவன். அமெரிக்காவின் விடுதலைப் பிரகடனத்தை எழுதி, பின்னாளில் அந்நாட்டின் மூன்றாவது ஜனாதிபதியானவரைப் பற்றி எளிய தமிழில் சிறு நூல் ஒன்று எழுதியிருந்தேன். மறுநாள் காலை மதுரையில் வெளியீடு. அச்சகம் காசிம், ஜமீலா என்ற அண்ணன் தங்கையுடையது. வெள்ளிக்கிழமைக்குள் புத்தகம் கையில் இருக்கும் என்று போனில் வாக்குக் கொடுத்தவர் ஜமீலா.

பத்து மணிக்கு அச்சகத்துக்குள் நுழைந்தேன். மை வாசனை மூக்கில் ஏறியது. பெரிய மிஷின் பூச்சட்டிப் பட்டாசு லேபிள்களைச் சிவப்பும் மஞ்சளுமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

"வாங்க சார், சாப்பிட்டீகளா?" என்ற ஜமீலாவின் முகம் சரியில்லை. உள்பக்கங்கள் அடித்து மடித்தாகிவிட்டது. அட்டை மட்டும் பாக்கி. அதற்கு லேபிள் அடிப்பதை நிறுத்த வேண்டும். காசிம் மறுத்துக்கொண்டிருந்தார்.

"சார்கிட்ட நான் சொல்லிட்டேண்ணே."

"சொன்னது நீ. ஆர்டர் எடுக்குறது, மிஷினை நிறுத்துறது எல்லாம் என்னயக் கேட்டுத்தான். அத்தா பத்திரத்துல எழுதி வெச்சது அதான."

விஷயம் இதுதான். காலமான அவர்கள் தந்தை, கம்பெனிப் பத்திரத்தில் மகளுக்கு லாபத்தில் பங்கு எழுதியிருந்தார். நிர்வாகமும் கையெழுத்து உரிமையும் மகனுக்கு மட்டும். ஆனால் மிஷின் ஹாலை அன்றாடம் நடத்துவது ஜமீலா. அவர் கொடுத்த வாக்குக்குத்தான் அந்த ஹாலில் மதிப்பில்லை.

என் புத்தகத்துக்குப் பிழை திருத்தியவரும் அவரே. மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "உங்க ஜனாதிபதி என்ன சொல்லிருக்காருன்னு அண்ணன்கிட்டச் சொல்லுங்க சார்."

குடும்பச் சண்டையில் மாட்டிக்கொண்டோமே என்று தயங்கித்தான் சொன்னேன். "பூமி உயிரோடு இருக்கிறவங்களுக்குத்தான் சொந்தம், இறந்துபோனவங்க எழுதினது இருக்கிறவங்களைக் காலமெல்லாம் கட்டிப்போடக் கூடாது, ஒவ்வொரு தலைமுறையும் தனக்கான சட்டத்தைத் தானே எழுதிக்கணும்னு சொன்னார்."

"சட்டத்தை மாத்திக்கிட்டே இருந்தா யார் நம்பி யாவாரம் பண்ணுவாக?" என்றார் காசிம். அந்த ஜனாதிபதியின் நெருங்கிய நண்பரே அவரிடம் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார் என்று ஒப்புக்கொண்டேன். காசிமுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பக்கங்களைப் புரட்டினார். "எல்லாரும் சமம்னு எழுதுன மனுசன் நூத்துக்கணக்குல அடிமைகளை வெச்சிருந்தாருன்னு இங்கன நீங்களே எழுதிருக்கீக. இவரு பேச்சையா கேக்கச் சொல்றீக?"

வகுப்பில் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்வேன். அன்று ஜமீலா முந்திக்கொண்டார்.

"அவரு செஞ்சது பெரிய தப்புதாண்ணே. ஆனா அந்த எழுத்தைக் காட்டித்தான பின்னால அடிமைச் சனங்க நியாயம் கேட்டாக? எழுதுனவரு கையைவிட்டு எழுத்து போயிருச்சு. அத்தா நல்லவருதான். அந்தப் பத்திரம் எழுதுறப்ப நான் பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருந்தேன். இன்னைக்கு இந்த ஹாலைப் பாத்தா அப்படி எழுதுவாரா?"

காசிம் ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

எனக்கும் ஜமீலா வீட்டிலிருந்து சாப்பாடு வரவழைத்தார். நெய்ச்சோறும் கறிக்குழம்பும். வெளியீட்டு விழாவை நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். "தொழுதுட்டு வந்தா அண்ணன் கோபம் போயிரும் சார்" என்றார் அவர். "ஆனா கோபம் போறது வேற. எனக்கு வேண்டியது வேற."

இரண்டு மணி வாக்கில் காசிம் திரும்பி வந்தார். நேராக மிஷின்காரர் முருகனிடம் போய், "லேபிளை நிறுத்துங்க, அட்டையைப் போடுங்க" என்றார்.

நான் மூச்சு விட்டேன். ஜமீலா விடவில்லை. "நீங்க நிறுத்தச் சொன்னா அது உங்க வாக்குதாண்ணே. சார்கிட்டச் சொன்னது நானு."

சுவிட்சில் கை வைத்த முருகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க முதலாளி!" என்றார்.

காசிம் தாடியைத் தடவினார். பிறகு சிரித்துவிட்டார். மிஷின் சத்தத்துக்கு மேலே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இனிமே ஜமீலா சொன்னா நான் சொன்ன மாதிரி. திங்கக்கெழமை ஆடிட்டரைப் பாத்துப் பத்திரத்தை மாத்திருவோம். நீயே சொல்லும்மா."

ஜமீலா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தது தெரிந்தது. பிறகு, "நிறுத்துங்க முருகண்ணே" என்றார். மிஷின் நின்றது.

மாலை ஆறு மணிக்குப் புத்தகக் கட்டுகளுடன் புறப்பட்டேன். காசிமே ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை வந்தார்.

"எம்புட்டு வருசத்துக்கு ஒருக்க மாத்தணும்னாரு உங்க ஜனாதிபதி?"

"பத்தொன்பது வருஷம்னு ஒரு கணக்குப் போட்டார்."

"அந்தக் கணக்கையும் புதுப் பத்திரத்துல சேக்கணுமாம் ஜமீலாவுக்கு. பத்தொம்பது வருசங்கழிச்சு எங்க பிள்ளைக வந்து எங்களையே மாத்தணுமாம்!" பஸ் நகர்ந்த பிறகும் அவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

திருத்தங்கல் விளக்குகள் பின்னால் போயின. பூமி உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் சொந்தம்: பல வருடங்களாக நான் நடத்தும் பாடம் அது. எங்கள் கல்லூரித் தேர்வில் அதற்கு ஐந்து மதிப்பெண். எழுதிக் கொடுத்துவிட்டு மாணவர்கள் கேன்டீனுக்குப் போவார்கள்; திருத்திவிட்டு நானும் போவேன். அதைக் கேட்டு ஒரு மிஷின் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.